டோலி தூக்கியவர் எழுப்பிய கோவில்; கல்யாணம் ஆகாதவர் சேர்த்த பொக்கிஷம்

ஐதராபாத்தில் ஒரு தனி ஆளின் ஞாயிற்றுக்கிழமை

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ரெயில்வேயில் இருக்கிறார்கள். பாங்கியில் இருக்கிறார்கள். ஓட்டல், லாரி கம்பெனி, மருந்து கம்பெனி, கட்டிட வேலை என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் சார்மினாரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். மியூசியத்தின் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

ஊரில் இருந்து மாமனார், மைத்துனர் என்று யாராவது வரவேண்டும். அவர்களுக்குச் சுற்றிக் காட்டும் சாக்கில்தான் இவர்களும் பார்ப்பது வழக்கம். யாரும் வராவிட்டால், துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அறை எடுத்துத் தங்கி இருப்பவர்களுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. பெண்டாட்டி, பிள்ளைகள் இல்லாமல் தான் மட்டும் வேடிக்கை பார்க்கப் போவதா என்ற தயக்கம். அது நியாயமானதுதான். ஆனால், ஒரு தடவை தனியாகப் போய் வழி தெரிந்து கொண்டவர்தான், பள்ளிக்கூட லீவில் குழந்தைகள் வரும்போது அலைய விடாமல் அழைத்துப் போக முடியும்.

தனி ஆளாகப் போவதில் ஒரு லாபமும் இருக்கிறது. பிடித்த இடத்தில் அரை மணி நேரம் நிற்கலாம். பிடிக்காத இடத்தை விட்டு உடனே நகரலாம். கேட்பதற்கு ஆள் இல்லை!

காலை 6 மணிக்குக் கிளம்பினால், இரவு படுக்கப் போவதற்குள் எட்டு இடங்களைப் பார்த்துவிடலாம். எட்டும் எட்டு விதம்.

டோலி தூக்கியவரின் வேண்டுதல்

முதல் இடம், செகந்திராபாத்தில் உள்ள உஜ்ஜயினி மகாகாளி கோவில். ரெயில் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். கடைத்தெருவுக்கு நடுவே இருக்கிறது. அதிகாலையில் கூட்டம் இருக்காது.

இந்தக் கோவிலைக் கட்டியது எந்த ராஜா? எந்த ஜமீன்தார்?

யாரும் இல்லை. கோவிலுக்கு வித்திட்டவர், ராணுவத்தில் டோலி தூக்கியவர். அவர் பெயர் சுரிட்டி அப்பையா.

சபரிமலையில் வயதானவர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் செல்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்து ராணுவத்தில், காயம் பட்டவர்களையும் நோயாளிகளையும் அப்படித்தான் சுமந்து சென்றார்கள். அந்த வேலைதான் அப்பையாவுக்கு.

1813-ம் ஆண்டு, அவர் வேலை பார்த்த படைப்பிரிவு உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்டது. அப்பையாவும் கூடவே போனார். அது காலரா பரவிய சமயம். மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அப்பையாவும் கூட்டாளிகளும் உஜ்ஜயினி மகாகாளி சன்னதியில் போய் நின்றார்கள். நோய் அடங்கினால், தங்கள் ஊரில் அம்மனுக்குச் சிலை வைப்பதாக வேண்டிக் கொண்டார்கள்.

நோய் அடங்கியது. ஊர் திரும்பிய அப்பையா, சொன்ன சொல்லை மறக்கவில்லை. 1815-ம் ஆண்டு, மரத்தால் ஆன அம்மன் சிலையை செகந்திராபாத்தில் வைத்தார். 1864-ம் ஆண்டு, மரச்சிலை இருந்த இடத்தில் கற்சிலை வந்தது. இதுதான் கோவில் வரலாறு.

இன்று இந்தக் கோவிலில் நடக்கும் போனாலு திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். பெண்கள் புதுப்பானையில் சோறு பொங்கி, வேப்பிலை கட்டி, மேலே விளக்கு ஏற்றி, தலையில் சுமந்து வருவார்கள். தமிழ்நாட்டு மாரியம்மன் கோவில்களில் நடக்கும் ஆடித் திருவிழாவை நினைவுபடுத்தும் காட்சி இது. மறுநாள், பானை மீது நின்று ஒரு பெண் அருள்வாக்கு சொல்வார். அதற்கு 'ரங்கம்' என்று பெயர். வரும் ஆண்டில் மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று கேட்க மந்திரிகள் கூட வந்து நிற்பார்கள்.

பிழைப்புக்காக வெளியூர் போன ஒரு சுமைகாரர் செய்த வேண்டுதல், இருநூறு ஆண்டு கடந்து இவ்வளவு பெரிதாக வளர்ந்து நிற்கிறது.

மணி இல்லாத கோவில்

அடுத்தது, பிர்லா மந்திர். செகந்திராபாத்தில் இருந்து மெட்ரோ ரெயிலில் வந்து, அமீர்பேட்டையில் வண்டி மாறி, லக்டிகாபுல் நிலையத்தில் இறங்கலாம். அங்கே இருந்து சிறிது தூரம். மேடு ஏறவேண்டும்.

நௌபத் பகாடு என்ற குன்றின் உச்சியில், வெள்ளை வெளேர் என்று நிற்கிறது கோவில். ராஜஸ்தானில் இருந்து கொண்டு வந்த சுமார் 2 ஆயிரம் டன் பளிங்குக் கல்லால் கட்டியது. வேலை முடிய 10 ஆண்டு ஆனது. 1976-ம் ஆண்டு திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர், ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி ரங்கநாதானந்தர்.

உள்ளே வெங்கடாசலபதி நின்ற கோலத்தில் இருக்கிறார். சிலையின் உயரம் 11 அடி. பத்மாவதி தாயாருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. ஆண்டாளுக்கும் தனிச் சன்னதி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவளை ஐதராபாத் குன்றின் மேல் பார்க்கும்போது, தமிழர்களுக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும்.

இந்தக் கோவிலில் ஒரு விசேஷம், மணி கிடையாது. அமைதியாக உட்கார்ந்து தியானம் செய்ய வேண்டும் என்பதற்காக மணி வைக்கவில்லை. தனியாக வருகிறவருக்கு ஏற்ற இடம். வாரம் முழுவதும் மிஷின் சத்தத்தில் இருப்பவர், இங்கே ஒரு தூண் ஓரமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

செல்போனுக்கும் காமிராவுக்கும் உள்ளே அனுமதி இல்லை. கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

எகிப்து இளவரசி

குன்றில் இருந்து இறங்கினால், பக்கத்திலேயே பொதுத்தோட்டம். அதற்குள் மாநிலத் தொல்பொருள் மியூசியம் இருக்கிறது. நிஜாம் காலத்தில் தொடங்கப்பட்டது. காலை பத்தரை மணிக்குத் திறப்பார்கள்.

ஜனங்கள் இங்கே வருவதே 'மம்மி'யைப் பார்க்கத்தான். எகிப்து நாட்டில் இறந்தவர்களின் உடலை மருந்து பூசி, துணி சுற்றிப் பத்திரப்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம். அப்படிப் பதப்படுத்தப்பட்ட பெண்ணின் உடல் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இவள் நைஷு என்ற இளவரசி, வயது சுமார் 2,500 ஆண்டு என்கிறார்கள்.

ஆறாவது நிஜாமின் மருமகன் நசீர் நவாஸ் ஜங், இதை ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கி, ஏழாவது நிஜாமுக்குக் கொடுத்தாராம். நிஜாம் 1930-ம் ஆண்டு மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இதே மியூசியத்தில் அஜந்தா குகை ஓவியங்களின் பிரதிகளும் இருக்கின்றன. அஜந்தா அப்போது நிஜாம் ராஜ்யத்தில் இருந்தது. ஓவியர்களை அனுப்பி, சுவரில் இருந்ததைப் பார்த்து அப்படியே வரைய வைத்தார்கள். அஜந்தா வரை போக நேரமும் பணமும் இல்லாதவர்கள் இங்கே பார்த்துக் கொள்ளலாம். முக்கால் மணி நேரம் போதும்.

150 பேரைக் காப்பாற்றிய மரம்

இனி பழைய நகரத்துக்குப் போகவேண்டும். பொதுத்தோட்டத்துக்கு வெளியே பஸ் கிடைக்கும். அப்சல்கஞ்சில் இறங்கினால் உஸ்மானியா ஆஸ்பத்திரி. அதன் வளாகத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. யாரும் டிக்கெட் போட்டுக் காட்டாத மரம்.

1908-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந்தேதி மூசி ஆற்றில் பெருவெள்ளம். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த நேரத்தில் சுமார் 150 பேர் இந்தப் புளியமரத்தில் ஏறிக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ந்தேதி மரத்தடியில் கூடி, இறந்தவர்களை நினைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகுதான் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவர் சொன்ன யோசனைப்படி உஸ்மான் சாகர், இமாயத் சாகர் ஏரிகள் வந்தன.

ஒருவர் சேர்த்தது எல்லோருக்கும் ஆனது

நயாபுல் பாலத்தைத் தாண்டினால் அருகிலேயே சாலார் ஜங் மியூசியம். நாளின் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். உள்ளே 30-க்கும் மேற்பட்ட கூடங்கள். கலைப்பொருள்கள் மட்டும் சுமார் 43 ஆயிரம்.

இவ்வளவும் ஒரு குடும்பத்தின் சொத்து. அதிலும் பெரும்பகுதி ஒரே ஆள் சேர்த்தது. அவர், மூன்றாவது சாலார் ஜங் என்று அழைக்கப்பட்ட மீர் யூசுப் அலிகான். 1889-ல் பிறந்தவர். 23 வயதில் ஐதராபாத் சமஸ்தானத்தின் பிரதம மந்திரி ஆனார். இரண்டு ஆண்டில் பதவியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு சுமார் 35 ஆண்டுகள், இருந்த செல்வத்தை எல்லாம் கொட்டிப் பொருள்கள் வாங்கினார். சீனா, ஜப்பான், பர்மா, பாரசீகம், ஐரோப்பா என்று எங்கெங்கோ இருந்து வந்து குவிந்தன.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. 1949-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். வாரிசு இல்லாத வீடு. நிறைய பொருள்.

1951-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி, அவர் வாழ்ந்த மாளிகையிலேயே இது மியூசியமாகத் திறக்கப்பட்டது. பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1961-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, தேச முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-ல் இப்போதைய கட்டிடத்துக்கு மாறியது.

பெற்ற பிள்ளை இருந்திருந்தால், அவர் சேர்த்த பொருள்கள் நாலு பேருக்குப் பாகம் பிரிந்து போயிருக்கலாம். இப்போது டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவரும் அவற்றின் முன்னால் நிற்கலாம். பக்கத்தில் நிற்பவர் கலெக்டரா, கொத்தனாரா என்று யாரும் பார்ப்பது இல்லை.

தொழிலாளியின் கண்ணால் பார்க்க வேண்டியது

கலை பற்றிப் படித்தவர்களுக்குத்தான் மியூசியம் புரியும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தப்பு. கையால் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே கூடுதலாகத் தெரியும்.

உதாரணம், 'முகத்திரை போட்ட ரெபேக்கா' என்ற பளிங்குச் சிலை. இத்தாலிய சிற்பி பென்சோனி செய்தது. முதலாவது சாலார் ஜங், அதாவது இவருடைய தாத்தா, 1876-ம் ஆண்டு ரோம் நகரில் வாங்கியது. ஒரு பெண் மெல்லிய துணியால் முகத்தை மூடி இருக்கிறாள். துணிக்குள் மூக்கும் கண்ணும் உதடும் தெரிகின்றன. துணியும் கல்தான், முகமும் அதே கல்தான். கல் வேலை தெரிந்தவர் பார்த்தால், உளி எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றிப் போவார்.

தச்சு வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டியது, இரட்டைச் சிலை. ஒரே மரத்துண்டில் செதுக்கியது. முன்னால் இருந்து பார்த்தால் மெபிஸ்டோபிலிஸ் என்ற சாத்தான். திமிராக நிமிர்ந்து நிற்கிறான். பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் பார்த்தால் மார்கரெட்டா என்ற பெண், தலை குனிந்து அடக்கமாக நிற்கிறாள். அவனுடைய முதுகுதான் அவள்! ஜெர்மன் கவிஞர் கெதேயின் நாடகத்தில் வரும் பாத்திரங்கள் இவர்கள்.

மெக்கானிக்குகளுக்கு என்றே ஒன்று இருக்கிறது. அதுதான் பாட்டுக் கடிகாரம். உள்ளே நுழைந்ததும் பெரிய கூட்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அது இதற்காகத்தான். மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்னால், கடிகாரத்துக்குள் இருந்து ஒரு தாடிக்காரப் பொம்மை கதவைத் திறந்து வெளியே வரும். எத்தனை மணியோ அத்தனை தடவை மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விடும். இன்னொரு பக்கம் ஒரு கொல்லர் பொம்மை சம்மட்டியால் விநாடிகளை அடித்துக்கொண்டே இருக்கிறது.

பகல் 12 மணிக்குப் போனால் 12 அடி. ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி. அதனால்தான் 12 மணிக்குக் கூட்டம் அதிகம்.

இவை தவிர, தந்தத்தால் ஆன நாற்காலிகள், நூர்ஜகான் வைத்திருந்த பச்சைக்கல் கத்தி, தென்னாட்டு வெண்கலச் சிலைகள் என்று பார்க்கப் பார்க்கத் தீராது. ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முயல்வது வீண். கால்தான் வலிக்கும். ஐந்தாறு கூடங்களைத் தேர்ந்தெடுத்து நன்றாகப் பார்த்தால் போதும்.

1,400 மாடுகள் இழுத்த கல்

சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெற்கே நடந்தால், பத்தர்கட்டி கடைத்தெரு வழியாகச் சார்மினார் வரும். அதற்கு முன் பக்கத்தில் உள்ள மெக்கா மசூதியைப் பார்த்துவிடலாம். தொழுகை நேரம் இல்லாதபோது மற்ற மதத்தவரும் போகலாம். 2007-ம் ஆண்டு மே 18-ந்தேதி இங்கே குண்டு வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதில் இருந்து சோதனை உண்டு. பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டவேண்டும்.

மசூதியைத் தொடங்கியவர் முகமது குதுப் ஷா. ஆண்டு 1617. முடித்தவர் அவுரங்கசீப். ஆண்டு 1694. இடையில் 77 ஆண்டுகள். தொடங்கிய ராஜ வம்சமே அதற்குள் போய்விட்டது!

சுமார் 8 ஆயிரம் பேர் வேலை செய்ததாகச் சொல்கிறார்கள். நடு வளைவில் உள்ள செங்கற்கள், மெக்காவில் இருந்து கொண்டு வந்த மண்ணைச் சேர்த்துச் சுட்டவை. அதனால்தான் இந்தப் பெயர்.

அந்த நாளில் இங்கு வந்த தாவெர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி, இந்த வேலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தொழுகை மாடத்துக்கான ஒரே ஒரு கல்லை மலையில் இருந்து வெட்டி எடுக்க, 500, 600 பேர் ஐந்து ஆண்டு வேலை செய்தார்கள். அதை இழுத்து வர 1,400 மாடுகளைப் பூட்டினார்கள் என்று அவரிடம் சொன்னார்களாம்.

முற்றத்தில் நிஜாம்களின் சமாதிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரியும். கல்லை வெட்டியவர்களில் ஒருவர் பெயர் கூடத் தெரியாது. ஆனால் அவர்கள் வெட்டிய கல் அங்கேயே இருக்கிறது. போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

ராஜாவின் வேண்டுதல்

இனி சார்மினார். கட்டியவர் முகமது குலி குதுப் ஷா. கட்டிய ஆண்டு 1591. ஐதராபாத் நகரம் பிறந்ததும் அப்போதுதான். நான்கு மூலையிலும் நான்கு மினார்கள். ஒவ்வொன்றிலும் 149 படிகள். நான்கு பக்கத்திலும் இருக்கும் கடிகாரங்கள் 1889-ம் ஆண்டு வைத்தவை. டிக்கெட் வாங்கினால் முதல் மாடி வரை ஏறலாம். மாடிப்படி குறுகலானது. கீழே பார்த்தால், வளையல் விற்கும் லாட் பஜார் ஒரு பக்கம், மசூதி ஒரு பக்கம்.

சார்மினார் ஏன் கட்டப்பட்டது? அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். மக்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். ஊரில் கொள்ளைநோய் பரவியதாம். நோய் நீங்கினால் இங்கே ஒரு கட்டிடம் எழுப்புவதாக ராஜா வேண்டிக் கொண்டாராம். நீங்கியது, எழுப்பினார்.

காலையில் பார்த்த மகாகாளி கோவிலின் கதையும் இதுதான். அங்கே வேண்டியவர் டோலி தூக்கியவர். இங்கே வேண்டியவர் ராஜா. நோய்க்கு முன்னால் இருவருக்கும் இருந்தது ஒரே பயம்.

அந்தப் பயம் பழங்கதை என்று யாரும் நினைத்துவிட முடியாது. 2020-ல் கொரோனா வந்தது. வேலை நின்றது. பஸ், ரெயில் நின்றது. வெளிமாநிலத் தொழிலாளிகள் சோற்றுக்கும் ஊர் போய்ச் சேரவும் வழி தெரியாமல் தவித்தார்கள். நடந்தே போனவர்கள் உண்டு. அந்த ஆண்டு மே 1-ந்தேதி, ஐதராபாத்தின் லிங்கம்பள்ளி நிலையத்தில் இருந்து ஜார்க்கண்ட் மாநிலம் ஹாதியாவுக்கு ஒரு ரெயில் சுமார் 1,200 பேருடன் கிளம்பியது. வெளிமாநிலத் தொழிலாளிகளுக்காக நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரெயில் அதுதான். தொழிலாளர் தினத்தில் கிளம்பியது!

அந்த ஆண்டு போனாலு ஊர்வலமும் கிடையாது. பெண்கள் வீட்டிலேயே பொங்கி வைத்துக் கும்பிட்டார்கள். சார்மினாரும் பூட்டிக் கிடந்தது.

அதை எல்லாம் கடந்து பிழைத்து, மறுபடியும் வேலைக்குத் திரும்பியவர்கள்தான் இன்று இந்த மாடியில் ஏறி நிற்கிறார்கள். அவர்களும் இந்த ஊரின் கதையில் ஒரு பகுதிதான்.

கீழே இறங்கினால் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கிடைக்கும். நின்றுகொண்டே குடிக்கலாம்.

முருகன் வாசலில்

மாலையில் செகந்திராபாத் திரும்புகிறவர்கள், பத்மாராவ் நகரில் உள்ள ஸ்கந்தகிரி முருகன் கோவிலோடு நாளை முடிக்கலாம். அங்கே தமிழ்க் குரல் காதில் விழும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும்.

செகந்திராபாத்துக்குத் தமிழர்கள் வந்தது நேற்று இன்று அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மெட்ராஸ் ராணுவப் படைகள் இங்கே முகாம் இட்டிருந்தன. படையோடு சிப்பாய்கள் வந்தார்கள். குமாஸ்தாக்கள், வியாபாரிகள், காண்டிராக்டர்கள் வந்தார்கள். பத்மாராவ் நகரின் பெயரே திவான் பகதூர் பத்மாராவ் முதலியாரின் பெயர்தான்.

கவனிக்க வேண்டியவை

கிளம்பும் முன் காலைச் சிற்றுண்டியை முடித்துக் கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டில் ஒன்று வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடந்து பார்க்க ஏற்றது.

சட்டைப் பையில் பணம் முழுவதையும் வைத்துக்கொண்டு லாட் பஜார் கூட்டத்தில் நுழையக் கூடாது. தனியாக வந்தவர், எங்கே போகிறோம் என்பதை அறையில் உள்ள ஒருவரிடமாவது சொல்லிவிட்டு வரவேண்டும்.

பாஷை தெரியாது என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் இந்தி, மிச்சத்துக்குக் கை ஜாடை போதும். அரைகுறையாகப் பேசினாலும், நின்று வழி சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

கோல்கொண்டா கோட்டையை இந்த ஒரு நாளுக்குள் திணிக்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும்.

முக்கியமான விஷயம்: இரண்டு மியூசியங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஷிப்டு மாறி வெள்ளிக்கிழமை 'ஆப்' கிடைப்பவர்கள், கூட வேலை செய்பவரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை மாற்றி வாங்கிக்கொண்டு போகவும்.